கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

(பழைய பிக்கப் வண்டிகளின் ஹைட்ராலிக் கிளட்ச் கோளாறுகள் பற்றி, மெக்கானிக்குகளும் வண்டி உரிமையாளர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் ஒரு பக்கம் பட்டறைத் தோழர்கள் இருக்கிறீர்கள், இன்னொரு பக்கம் சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் அடிக்கடி மனக்கசப்பை உண்டாக்குகிற ஒரு கோளாறைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். "புது கிளட்ச் செட் போட்டு ஒரு மாசம்கூட ஆகலைங்க, மறுபடியும் கியர் விழ மாட்டேங்குது" என்கிறார் வண்டிக்காரர். "பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங் மூணுமே புதுசு, என் வேலையில ஒரு குறையும் இல்லை" என்கிறார் மெக்கானிக். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கோளாறு இருந்த இடம் ஒன்று, கை வைத்த இடம் வேறொன்று.

கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவது என்றால் ஒரு நாள் போய்விடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு, அடுத்த நாள் லோடும் வேறு வண்டிக்குப் போய்விடும். மாதத் தவணை மட்டும் காத்திருக்காது. இறக்கிப் பார்த்த பிறகு, உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தது, வெளியில் இருந்த ஒரு சின்ன ரப்பர் வாஷர்தான் காரணம் என்று தெரிந்தால் அந்த நஷ்டத்தை யார் தருவது? எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்த வாஷரைக் கண்டுபிடிக்கத் தேவையானது ஒரு ஸ்டீல் ஸ்கேலும் கால் மணி நேரமும்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கேபிள் கிளட்ச்சில் பெடலை மிதித்தால் ஒயர் இழுக்கிறது, கண்ணால் பார்க்கலாம். ஹைட்ராலிக் கிளட்ச்சில் அந்த வேலையைப் பிரேக் ஆயில் செய்கிறது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு பைப், ஒரு ஹோஸ். மாஸ்டர் தள்ளுகிற ஆயில் ஸ்லேவின் பிஸ்டனைத் தள்ளுகிறது, அதன் ராடு ஃபோர்க்கைத் தள்ளுகிறது, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது, பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. பழைய பொலிரோ பிக்கப் ஆனாலும், டாட்டா 207 ஆனாலும், வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்தவர்கள் நன்றாக அறிந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆனாலும் அடிப்படை இதுதான்.

ஓர் உதாரணத்துக்கு இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் 150 மில்லிமீட்டர் இறங்குகிறது. பெடலின் நெம்புகோல் விகிதம் ஆறுக்கு ஒன்று. அப்படியானால் மாஸ்டர் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகரும். மாஸ்டரின் உள்விட்டம் 16, ஸ்லேவின் உள்விட்டம் 20 என்றால், ஸ்லேவ் ராடு வெளியே வருவது 16 மில்லிமீட்டர். ஃபோர்க் அதைப் பாதியாக்குகிறது, ரிலீஸ் பேரிங் 8 மில்லிமீட்டர் நகர்கிறது. அந்த 8 மில்லிமீட்டர் பிரஷர் பிளேட்டைத் தூக்குவது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கத்திலும் கிடைக்கிற இடைவெளி பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்கள் வண்டியின் அளவுகள் கொஞ்சம் மாறலாம், ஆனால் கணக்கு இதே போலத்தான் வரும். 150-இல் ஆரம்பித்து ஒன்றில் முடிகிற கணக்கு இது. நடுவில் எங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் காணாமல் போனாலும் கடைசியில் கிளட்ச் கட் ஆகாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இத்தனை வேலையும் செய்ய மாஸ்டர் தள்ளுகிற ஆயிலின் அளவு எவ்வளவு தெரியுமா? 5 மில்லி. மருந்து குடிக்கிற ஒரு டீஸ்பூன். அந்த 5 மில்லியில் 1 மில்லி அளவு காற்று பைப்புக்குள் மாட்டிக்கொண்டால், மிதிக்கிற அழுத்தத்தில் அது அமுங்கி ஒன்றுமில்லாமல் போகும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. ராடு 16-க்குப் பதில் 13 மில்லிமீட்டர்தான் வரும். கையால் தொட்டுப் பார்த்தால் பெடலில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வரும்.

சரி, வண்டி பட்டறைக்கு வந்து நிற்கிறது. முதல் கேள்வி: குற்றம் கிளட்ச்சிலா, கியர் பாக்ஸிலா? இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நன்றாக விழுகிறது. ஆனால் இன்ஜின் ஓடும்போது எதுவும் விழவில்லை என்றால் கிளட்ச் கட் ஆகவில்லை. ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக இரண்டாவது மட்டும், உரசுகிறது, மற்றவை நன்றாக விழுகின்றன என்றால் கிளட்ச்சைத் தொட வேண்டாம், அது சிங்க்ரோ ரிங் விவகாரம். அடுத்து ரிவர்ஸ். நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும், கிளட்ச்சை முழுக்க மிதித்து சில நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாகப் பிரிந்திருந்தால் அந்தச் சில நொடியில் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். அப்போதும் உரசினால் பிளேட் இன்னும் ஃப்ளைவீலோடு ஒட்டிச் சுற்றுகிறது.

இப்போதுதான் பல பட்டறைகளில் "கிளட்ச் போச்சுண்ணே, இறக்கிடலாம்" என்ற வார்த்தை வருகிறது. இந்த இடத்தில் நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஒருவர் வண்டிக்கு அடியில் போக வேண்டும். ஸ்லேவ் ராடு ஃபோர்க்கைத் தொடுகிற இடத்தில் ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் பெடலை அடிவரை மிதிக்கட்டும். ராடு எவ்வளவு வந்தது? மிதித்தபடியே ஒரு நிமிடம் வைத்திருக்கட்டும். ராடு அதே இடத்தில் நிற்கிறதா, மெல்லப் பின்வாங்குகிறதா? பெடலை விட்டதும் சட்டென்று திரும்புகிறதா, தயங்கித் தயங்கித் திரும்புகிறதா? இந்த மூன்று பதிலும் உங்கள் கையில் இருந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது. அந்த வண்டிக்கு உரிய அளவு ராடு நகர்கிறது, நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆனாலும் கிளட்ச் கட் ஆகவில்லை என்றால் மட்டும் கியர் பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனர் வையுங்கள். ராடு குறைவாக வந்தால் கோளாறு வெளியில்தான் இருக்கிறது.

வெளியில் என்றால் எங்கே? மேலே இருந்து கீழே வருவோம். பெரும்பாலும் எல்லோரும் கீழே ஸ்லேவில் ஆரம்பிக்கிறார்கள். நான் பெடலில் ஆரம்பிப்பேன். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் பெடல் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் ஆடும். புஷ் ராடை மாட்டுகிற பின்னின் ஓட்டை முட்டை வடிவமாகி இரண்டு மில்லிமீட்டர் போகும். இவை இரண்டையும் டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் எதில் மாட்டியிருக்கிறது? இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், ஃபயர்வாலில். பெடலை 12 கிலோ விசையில் மிதித்தால் அந்தத் தகடு தாங்குவது 72 கிலோ. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை.

அமெரிக்காவில் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்களில் இது பெயர்போன கோளாறு. மாஸ்டர் மாட்டிய இடத்தில் தகடு களைத்து வளையும், பிறகு விரிசல் விடும். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ள வேண்டிய விசை தகட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். உரிமையாளர்கள் மாஸ்டரை மாற்றுவார்கள், ஸ்லேவை மாற்றுவார்கள், கிளட்ச் செட்டையே மாற்றுவார்கள், குறை அப்படியே இருக்கும். கடைசியில் ஒரு கனமான தகட்டை வைத்து அந்த இடத்தைப் பலப்படுத்தினால் போதுமானதாக இருக்கும். நம் ஊர்ப் பழைய வண்டிகளிலும், பேட்டரி ஆசிட் கசிந்தோ மழைத்தண்ணீர் தங்கியோ துரு ஏறிய தகடு இருந்தால் இதே கதைதான். சோதிப்பது மிக எளிது: பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை மிதிக்கச் சொல்லி மாஸ்டரைப் பாருங்கள். அது அசையவே கூடாது. புஷ் 1, பின் 2, தகடு 3 என்று 6 மில்லிமீட்டர் போனால் நமது உதாரண வண்டியில் மாஸ்டருக்குக் கிடைப்பது 19. ராடு வருவது 12. ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை, ஒரு வாஷரும் கெடவில்லை, ஆனால் கிளட்ச் கட் ஆகாது.

அடுத்தது மாஸ்டர். மாஸ்டர் இரண்டு விதமாகக் கெடும். பின் வாஷர் போனால் ஆயில் புஷ் ராடு வழியாகக் கேபினுக்குள் கசியும், கால்மிதி ஈரமாகும், தகட்டில் பெயின்ட் உரியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். முன் வாஷர் போனால் அப்படி எந்த அடையாளமும் இருக்காது. ஆயில் வெளியே வராமல் வாஷரைத் தாண்டி ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடும், அளவு குறையாது. இதற்கு ஓட்டுநர் சொல்கிற குறிப்புதான் சாட்சி: "வேகமா மிதிச்சா கியர் விழுது, மெதுவா மிதிச்சா விழலை. சிக்னல்ல கியர்ல போட்டு மிதிச்சுக்கிட்டு நின்னா வண்டி தானா நகருது." இதைக் கேட்டாலே மாஸ்டரின் முன் வாஷர் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம். ஓட்டுநர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான். உறுதி செய்ய வேண்டுமா? மாஸ்டரிலிருந்து வெளியேறும் பைப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை அதே மரை உள்ள டம்மி போல்ட்டால் அடைத்து, காற்றை எடுத்துவிட்டு, மெதுவாக மிதியுங்கள். பெடல் கல்லாக நிற்க வேண்டும். இறங்கினால் மாஸ்டர் கெட்டது. நின்றால் மாஸ்டர் நல்லது, கீழே போங்கள்.

ஹோஸை யாரும் சந்தேகப்படுவதில்லை. மிதிக்கும்போது அதைக் கையால் பிடித்துப் பாருங்கள், பழைய ஹோஸ் விம்முவது விரலுக்குத் தெரியும். சில ஹோஸில் உள்பக்க ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கி ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும். மிதித்தால் போகும், விட்டால் திரும்பாது. ராடு தயங்கித் திரும்புகிறது என்று முன்பு சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஸ்லேவ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சண்டைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் கியர் பாக்ஸ் பக்கமாகத் தள்ளி வரும். அதனால் ஸ்லேவ் பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் மேலும் உள்ளே போய் உட்காரும். வருடக்கணக்காக அந்த உள்பகுதியில் மட்டுமே வாஷர் போய் வந்துகொண்டிருக்கும். வாய்ப்பக்கம் யாரும் நடமாடாத இடமாகிவிடும். பூட் ரப்பர் கிழிந்திருந்தால் சேறும் தண்ணீரும் அங்கேதான் சேரும், துரு பிடிக்கும், சொரசொரப்பாகும். அந்த நிலையில் நீங்கள் புது பிளேட் போடுகிறீர்கள். விரல்கள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. பிஸ்டன் வெளிப்பக்கமாக நகர்ந்து, துரு பிடித்த அந்த வாய்ப்பகுதியில் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. பழைய, விறைத்துப்போன வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசி அறுபடுகிறது. இரண்டு வாரத்தில் கசிவு. வண்டிக்காரர் கண்ணுக்கு, புது கிளட்ச் போட்ட பிறகுதான் கெட்டது. அது உண்மையும்கூட. ஆகவே கிளட்ச் மாற்றும்போது ஸ்லேவைக் கழற்றி உள்ளே பாருங்கள். விரல் நகத்தைச் சுவரில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் வாஷர் கிட் போடாதீர்கள், சிலிண்டரையே மாற்றுங்கள். எமரி தாளால் தேய்த்துப் புது வாஷர் போட்டால் இரண்டாம் முறையும் அதே வாஷரைக் கழற்ற வேண்டி வரும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் பூட்டை மடித்து உள்ளே பார்க்க வேண்டும். வெளியில் காய்ந்திருந்தாலும் உள்ளே நனைந்திருக்கும்.

கிட் போடுகிற தோழர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: சிலிண்டரை டீசலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவாதீர்கள். எல்லா உதிரி பாகத்தையும் ஒரே தட்டில் போட்டு டீசலில் கழுவுவது நம் பழக்கம். இந்த வாஷர்கள் பிரேக் ஆயிலுக்கென்றே செய்த ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றிய வண்டிகளையும் பார்த்திருப்பீர்கள். டப்பா மூடிக்குள் இருக்கிற ரப்பர் உப்பி நெளிந்திருந்தால் உள்ளே எல்லா வாஷரும் அதே கதியில்தான் இருக்கும். அப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் மாற்றி, பைப்பைப் புது பிரேக் ஆயிலால் அலச வேண்டும்.

"காலைல நல்லா இருக்கு, மத்தியானம் லோடோட மலை ஏறினா கியர் விழலை" என்று ஒரு புகார் வரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த அளவு 140-ஆக இறங்கிவிடும். டாட் 4-க்கு 230-ம் 155-ம். சைலன்சர் பைப் அருகில் போகிற கிளட்ச் பைப்பில், வருடக்கணக்காக மாற்றாத கறுத்த ஆயில் ஆவியாகிக் குமிழி விட்டால் அது பைப்புக்குள் காற்று இருப்பதற்குச் சமம். வண்டி ஆறியதும் சரியாகிவிடும், பட்டறைக்கு வரும்போது நல்ல பிள்ளையாக நிற்கும். ஆயிலை முழுக்க மாற்றாமல் வேறு எதையும் கழற்றாதீர்கள்.

ஏர் எடுப்பதில் ஒன்று மட்டும். படபடவென்று பம்ப் அடித்தால் ஆயில் நுரைத்துப்போகும். மெதுவாக மிதித்து நிறுத்தி, ஸ்லேவின் ஏர் நிப்பிளைக் கால் திருப்பு திறந்து, மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். டப்பா வற்றக் கூடாது. அப்படியும் போகாத காற்றுக்குக் கீழிருந்து மேலே போகும் வழி உண்டு: சுத்தமான சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து ஸ்லேவ் நிப்பிள் வழியாக மேலே தள்ளுங்கள். காற்றுக்கு மேலே போவதுதான் இயல்பு.

இதுவரை சொன்னது கட் ஆகாத கிளட்ச் பற்றி. கிளட்ச் ஸ்லிப் ஆவது பெரும்பாலும் பிளேட் தேய்ந்த விஷயம். ஆனால் இறக்குவதற்கு முன் ஒரு சோதனை. ஸ்லிப் ஆகிற நேரத்தில் வண்டியை ஓரம் கட்டி, பெடலைத் தொடாமல் ஸ்லேவ் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சினால் பைப்பில் அழுத்தம் தேங்கி நிற்கிறது, பிரஷர் பிளேட் அரைகுறையாக அழுந்தியே இருக்கிறது. புஷ் ராடுக்கு ஃப்ரீ பிளே இல்லாமல் மாஸ்டரின் சின்னத் திரும்பு ஓட்டை அடைபட்டிருக்கும், அல்லது ஹோஸ் நாக்கு அடைத்திருக்கும். புஷ் ராடை ஒரு மில்லிமீட்டர் தளர்த்தினாலே சரியாகிற வண்டிக்குப் புது கிளட்ச் செட் போட்டவர்கள் உண்டு.

கியர் பாக்ஸுக்குள் இருக்கிற கோளாறுகளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்: வளைந்த ஃபோர்க், தேய்ந்த பிவட் பால், துருப்பிடித்த ஸ்ப்லைன், கோணிய பிளேட், இறுகிய பைலட் பேரிங். சத்தத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. பெடலை லேசாகத் தொட்டதும் சத்தம் ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். விட்டிருக்கும்போது இருந்து, மிதித்தால் நின்றால் கியர் பாக்ஸ் இன்புட் பேரிங்.

சில வண்டிகளில் ஸ்கேல் வைக்க இடமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு, ரேஞ்சரிலும் எஃப்-150-இலும் மாஸ்டா செய்த ஐந்து கியர் பாக்ஸோடு ஸ்லேவை பெல் ஹவுசிங்குக்குள், இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றியே வைத்தது. ஃபோர்க் இல்லை, ராடு இல்லை. வாஷர் கசிந்தால் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். ஜீப் செரோக்கி இதே முறையில் இருந்துவிட்டு 1994-இல் ஸ்லேவை வெளியே கொண்டுவந்துவிட்டது. பழுது பார்க்கிறவன் பக்கமிருந்து பார்த்தால் அது சரியான முடிவு. அப்படிப்பட்ட வண்டி வந்தால், முதலில் மாஸ்டர் டம்மி சோதனை. பிறகு பெல் ஹவுசிங் அடியில் சொட்டுவதைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் வழவழப்பாக, தண்ணீரில் கரையாமல் இருக்கும். பிரேக் ஆயில் தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். கரைந்தால் உள்ளே ஸ்லேவ் போய்விட்டது. இறக்கும் போது பிளேட்டு, பேரிங், ஸ்லேவ் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள். இங்கே மிச்சம் பிடிப்பது வண்டிக்காரருக்கு நல்லதல்ல.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். வண்டி உரிமையாளர்களே, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிளட்ச் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் ஆயில் மாற்றும்போது இதைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்காவிட்டால் யாரும் செய்வதில்லை. பட்டறைத் தோழர்களே, நாளை காலை டூல் பெட்டியில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைப் போட்டு வையுங்கள். கிளட்ச் கட் ஆகவில்லை என்று எந்த வண்டி வந்தாலும், ஸ்லேவ் ராடு எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்பதை வண்டிக்காரர் முன்னால் அளந்து, ஜாப் கார்டில் எழுதி, அதன் பிறகு கியர் பாக்ஸ் பற்றிப் பேசுங்கள்.